வானக் குரலும் உரோமச் சொல்லும்: தொல் யூத ரபிமார் நூல்களில் அயற்பண்பாடுகளின் படிவு

ஆய்வுச் சுருக்கம்

எருசலேம் ஆலயத்தின் அழிவுக்குப் பின் யூத சமய வாழ்வை மறுவடிவமைத்த ரபிமார், உரோமர் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்திலும் ஈரானியப் பேரரசர் ஆட்சியிலிருந்த பாபிலோனியாவிலும் வாழ்ந்தனர். அயலாரிடமிருந்து வேறுபட்டு நிற்றலை வலியுறுத்திய அவர்களுடைய நூல்களில் அயற்பண்பாடு எவ்விடங்களில் ஆழப் படிந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே செய்தியைப் பாலஸ்தீனத் தல்மூதும் பாபிலோனியத் தல்மூதும் வெவ்வேறாகக் கூறும் இடங்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ரபிமார் தம் தனித்தன்மையை மிக வலுவாக அறிவித்த இடங்களிலேயே அயல் வடிவங்கள் இயல்பாகப் புழங்கின என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மிஷ்னா, தல்மூத், ரபிமார், உரோமப் பேரரசு, சாசானியர், கடன்சொல், பஸ்கா

முன்னுரை

கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. 132 முதல் 135 வரை நிகழ்ந்த பார் கொக்பா கிளர்ச்சியும் தோல்வியில் முடிந்தது. பலியையும் குருமரபையும் மையமாகக் கொண்டிருந்த சமயம், கற்றலையும் சட்ட விளக்கத்தையும் மையமாகக் கொண்ட சமயமாக மெல்ல உருமாறியது. அம்மாற்றத்தின் கருவியாக விளங்கிய ஆசிரியர் மரபினரே ரபிமார் எனப்படுவோர். அவர்களுடைய வாய்மொழிச் சட்ட மரபை ஏறத்தாழ கி.பி. 200இல் ரபி யெகூதா ஹா-நாசி கலிலேயாவில் மிஷ்னா என்னும் நூலாகத் தொகுத்தார். மிஷ்னாவை மூலமாகக் கொண்டு இரு பெரும் விரிவுரைகள் எழுந்தன. திபேரியா நகரைச் சார்ந்து 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நிறைவுற்றது பாலஸ்தீனத் தல்மூத். நெகர்தேயா, சூரா, பும்பெதித்தா ஆகிய பாபிலோனிய நகரங்களின் கல்வி மரபில் வளர்ந்து 6, 7ஆம் நூற்றாண்டளவில் இறுதி வடிவம் பெற்றது பாபிலோனியத் தல்மூத். ஒரே மூலத்துக்கு இரு பேரரசுகளின் எல்லைக்குள் எழுந்த இரண்டு உரைகள் கிடைத்திருப்பது ஒப்பாய்வாளருக்கு அரிய வாய்ப்பு.

இத்துறையில் சால் லீபர்மன் 1942இலும் 1950இலும் வெளியிட்ட இரு நூல்கள் பாலஸ்தீன ரபிமாரின் கிரேக்க அறிவை விரிவாக நிறுவின. ரபிமாரின் வேத விளக்க நெறிகளுக்கும் கிரேக்க அணியியல், உரோமச் சட்டவியல் ஆகியவற்றுக்கும் இடையிலான உறவை டேவிட் டாபே 1949இல் எடுத்துரைத்தார். பின்னர்ச் சேத் சுவார்ட்ஸ் (2001), மிஷ்னாக் காலத்து யூதச் சமூகத்தில் ரபிமாரே சிறுபான்மையினர் என்றும், பெரும்பான்மை யூதர் உரோம நகர வாழ்விலேயே ஆழ்ந்திருந்தனர் என்றும் வாதிட்டார். பாபிலோனியத் தல்மூதை ஈரானியப் பின்புலத்தில் வைத்துப் படிக்கும் முயற்சி யாகோவ் எல்மன், ரிச்சர்ட் கால்மின், ஷாய் செகுந்தா ஆகியோரால் வலுப்பெற்றது. ‘எவ்வளவு கடன் பெற்றனர்?’ என்னும் கேள்விக்கு இவ்வாய்வுகள் நிறைய விடை தந்துள்ளன. பெற்ற கடன் எப்பொழுது கடனாகத் தோன்றாமற் போயிற்று என்பது அதனினும் பயனுள்ள கேள்வி.

குகைக்கு வெளியே ஒலித்த குரல்

உரோமரின் ஆட்சியைப் பற்றிய ஓர் உரையாடலைப் பாபிலோனியத் தல்மூதின் சாபத் பகுதி பதிவு செய்கிறது. உரோமர் அமைத்த சந்தைகளையும் பாலங்களையும் குளியல் மண்டபங்களையும் ரபி யெகூதா பாராட்டுகிறார். ரபி யோசே வாய் திறக்கவில்லை. ரபி ஷிமோன் பார் யோகாயோ அவை அனைத்தும் தந்நலத்துக்காகச் செய்யப்பட்டவை என்கிறார். சந்தை பரத்தையருக்கு, குளியல் மண்டபம் உடல் சுகத்துக்கு, பாலம் சுங்கம் வாங்குவதற்கு என்பது அவர் கணிப்பு. இச்செய்தி ஆட்சியாளர் செவிக்கு எட்ட, அவருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தந்தையும் மகனும் குகையில் ஒளிகின்றனர்.

உரோமப் பேரரசை வெறுத்த ரபிமாருள் இவரே தலைமையானவர் எனலாம். இவருடைய விடுதலையைப் பாலஸ்தீன நூல்கள் எவ்வாறு கூறுகின்றன என்பது உற்றுநோக்கத்தக்கது. பாலஸ்தீனத் தல்மூதின்படி 13 ஆண்டுகள் குகையில் கிடந்து உடல் புண்பட்ட ரபி ஷிமோன், ஒருநாள் குகை வாயிலில் அமர்ந்து, வேடன் ஒருவன் பறவைகளுக்கு வலை விரிப்பதைக் காண்கிறார். வானக் குரல் ஒன்று ‘திமோஸ்’ என ஒலிக்கிறது, பறவை தப்பிவிடுகிறது. வானத்தின் ஆணையின்றிப் பறவைகூடச் சிக்காது என்றால் மனிதன் எம்மட்டு என்று தெளிந்து அவர் வெளியேறுகிறார். ஆதியாகமத்துக்கு எழுந்த ரபிமார் விளக்கநூலான பெரேஷித் ரப்பாவில், தப்பும் பறவைக்குத் ‘திமோஸ்’ என்றும் சிக்கும் பறவைக்குத் தண்டனையைச் சுட்டும் மற்றோர் இலத்தீன்வழிச் சொல்லும் ஒலிக்கின்றன.

‘திமோஸ்’ என்பது ‘திமிஸ்ஸுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. குற்றம் சாட்டப்பட்டவனை உரோம நீதிபதி விடுவிக்கும்போது வழங்கும் சொல் அது. உரோமரின் தீர்ப்புக்கு அஞ்சி ஒளிந்தவருக்கு விடுதலை அளிக்கும் இறைக்குரல், எபிரேயத்திலோ அரமேயத்திலோ பேசாமல் உரோம நீதிமன்றச் சொல்லைப் பேசுகிறது. கதை சொன்னவர் முரணை உணர்ந்து நகைப்புக்காக இதைச் செய்தாரா, அல்லது ‘விடுதலை’ என்றதும் அவர் நாவில் இயல்பாக வந்த சொல்லே இதுவா என்னும் ஐயம் எழலாம். இரண்டாவதே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. ஏனெனில் ரபிமார் நூல்களில் இறைவனின் நீதிமன்றம் பெரும்பாலும் இச்சொற்களாலேயே அமைந்துள்ளது. குற்றம் சாட்டுபவன் ‘கத்தேகோர்’, வாதாடிக் காப்பவன் ‘சனேகோர்’, பரிந்து பேசுபவன் ‘பிரக்லீத்’, மூன்றும் கிரேக்கம். யூத உயர்மன்றத்தின் பெயரான ‘சன்ஹெத்ரின்’ என்பதும் ‘சினெத்ரியோன்’ என்னும் கிரேக்கச் சொல்லே. ஏழாம் ஆண்டின் கடன் தள்ளுபடியால் கடன் கொடுப்போர் கைவிரிக்கக் கூடாதென்று ஹில்லேல் வகுத்ததாக மிஷ்னா கூறும் சட்ட ஏற்பாட்டுக்கும் ‘புரோஸ்புல்’ என்னும் கிரேக்கப் பெயரே வழங்கியது.

இதே குகைக் கதை பாபிலோனியாவில் வேறு உருக் கொள்கிறது. வேடனும் பறவையும் இலத்தீன் சொல்லும் மறைந்துவிடுகின்றன. தந்தையும் மகனும் 12 ஆண்டுகள் ஆடை களைந்து, கழுத்தளவு மணலில் புதைந்து, தோராவைக் கற்கின்றனர். அற்புதமாகத் தோன்றிய கரோபு மரமும் நீரூற்றும் அவர்களைக் காக்கின்றன. வெளியே வந்து உழவர் உழுது விதைப்பதைக் கண்டதும், நிலையான வாழ்வை விட்டு நிலையற்றதில் உழல்கின்றனரே எனச் சினக்கின்றனர். அவர்கள் பார்வை பட்ட இடமெல்லாம் எரிகிறது. வானக் குரல் அவர்களைக் கண்டித்து மீண்டும் 12 மாதங்கள் குகைக்கே அனுப்புகிறது. குகை வாழ்வு, எளிய உணவு, உடல் ஒறுத்தல், உலகத் தொழில் மீது வெறுப்பு ஆகிய இக்கூறுகளைக் கிறித்தவத் துறவியர் பற்றிய கதைகளோடு மிகால் பார்-அஷேர் சீகல் (2013) ஒப்பிட்டுக் காட்டியுள்ளார். பாபிலோனிய ரபிமாரின் அண்டை வீட்டார் சிரியாக் மொழி பேசிய கிறித்தவர். இரு சாராரும் பேசியவை அரமேயத்தின் கிளைமொழிகள். கதைகள் கடந்து செல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அதே வேளையில், கதை துறவைப் போற்றி முடியவில்லை. உழவனை எரித்த துறவியை வானம் கண்டிக்கிறது. அயலாரின் கதைக்கருவை ஏற்று அதன் முடிவை மறுக்கும் போக்கு இதில் தெளிவாகும்.

சாய்ந்துண்ணும் விருந்து

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்கா இரவு, யூதரின் தனித்தன்மைக்குரிய இரவாகும். ஆலயம் இருந்தவரை பலியாட்டின் இறைச்சியே அதன் மையம். மிஷ்னாவின் பெசாகிம் பகுதி, பத்தாம் இயல் விவரிக்கும் இரவில் மையம் மாறுகிறது. நான்கு கிண்ணம் மது, சாய்ந்து உண்ணல், தொடக்கத்தில் கீரையைத் தோய்த்துண்ணல், மகன் வினாவத் தந்தை விடையளித்தல், வேதப் பகுதியொன்றை விளக்குதல் ஆகியன அதன் கூறுகள். மஞ்சத்தில் சாய்ந்து, மது அருந்தி, உணவையே பொருளாக்கி வினா எழுப்பி உரையாடுதல் கிரேக்க, உரோம மேன்மக்களின் ‘சிம்போசியம்’ என்னும் விருந்தின் வடிவமாகும். இவ்வொற்றுமையைச் சீக்பிரீட் ஸ்டைன் 1957இல் விளக்கினார். பாருக் பொக்சர் 1984இல் வெளியிட்ட நூலில் வேற்றுமைகளை முதன்மைப்படுத்தினார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. சாய்ந்துண்ணல் உரிமையுடைய மேன்மகனின் அடையாளம். அதனாலேயே விடுதலை பெற்ற மக்கள் என்பதை உணர்த்த அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் இசுரயேலின் மிக வறியவரும் அன்று சாய்ந்தே உண்ண வேண்டும் என மிஷ்னா விதிக்கும்போது, செல்வர் விருந்தின் வரம்பு உடைந்துவிடுகிறது.

எல்லையை எங்கே வகுப்பது என்பதையும் மிஷ்னா அறிந்திருந்தது. பஸ்கா உணவுக்குப் பின் ‘அஃபிகோமான்’ கூடாது என்கிறது. கிரேக்க விருந்தின் முடிவில் குடித்துக் களித்தோர் இசையுடன் அடுத்தடுத்த வீடுகளுக்குச் செல்லும் வழக்கத்தையே இச்சொல் குறித்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் விளக்கம். விருந்தின் வடிவை ஏற்று அதன் களியாட்டை விலக்கும் அவ்விதியும் கிரேக்கச் சொல்லாலேயே கூறப்பட வேண்டியிருந்தது. பாலஸ்தீனத் தல்மூதில் இதற்கு இசை என்றும் இனிப்பு வகை என்றும் பொருள் கூறுவர்; களியாட்டின் நினைவு மங்கலாகவேனும் எஞ்சியுள்ளது. பாபிலோனியாவில் ஓர் உண்போர் குழுவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதல் என ராவ் விளக்க, சாமுவேல் உணவின் இறுதியில் உண்ணும் சுவைப்பண்டமாகக் கொள்கிறார். காலப்போக்கில் இச்சொல் அவ்விரவின் இறுதியில் உண்ணும் புளிப்பற்ற அப்பத்துண்டின் பெயராகிவிட்டது. விலக்கப்பட்ட அயல் வழக்கத்தின் பெயர், குழந்தைகள் தேடிக் களிக்கும் புனித உணவின் பெயராக இன்றும் யூத இல்லங்களில் வழங்குகிறது.

பாபிலோனியாவில் இவ்விருந்து எவ்வளவு அயன்மைப்பட்டது என்பதற்கு அபாயே பற்றிய சிறு நிகழ்ச்சி சான்று. உணவுக்கு முன் தன்னெதிரிலிருந்த மேசை அகற்றப்படுவதைக் கண்டு, இன்னும் உண்ணவே இல்லையே என அவர் வியக்கிறார். அவ்வியப்பே வினாவாகிவிட்டது, இனி வினாக்களை ஓதத் தேவையில்லை என்கிறார் அவருடைய ஆசிரியர் ரப்பா. உரோம விருந்தில் சிறு மேசைகளைக் கொணர்வதும் அகற்றுவதும் பணியாளரின் அன்றாடச் செயல். அவ்விருந்தை அறியாத நாட்டில் அச்செயலுக்குக் காரணம் கற்பிக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் வினவுவதற்காக என்னும் காரணம் கற்பிக்கப்பட்டது.

ஆக்கோ நகரக் குளியல் மண்டபத்தில் அப்ரோதித்தே சிலையின் முன் ரபன் கமாலியேல் நீராடியதை மிஷ்னா கூறுகிறது. புரொக்லோஸ் என்பவர் இது முறையா எனக் கேட்க, குளியல் மண்டபத்துக்குச் சிலை அணியேயன்றிச் சிலைக்கு மண்டபம் அணியன்று என்றும், தெய்வமாக நடத்தப்படுவதே விலக்கப்பட்டது என்றும் அவர் விடையிறுக்கிறார். வழிபாடு, அலங்காரம் என்னும் இப்பகுப்பே உரோம நகரில் யூதன் வாழ வழிசெய்தது. அதன் எல்லை எதுவரை நீண்டது என்பதை ஹம்மத் திபேரியாவின் 4ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் காட்டுகிறது. அதன் தளத்தில் இராசி மண்டலத்தின் நடுவே கதிரவத் தெய்வமான ஹீலியோஸ் தேரில் வருகிறான். கொடையளித்த செவேரோஸ் தன்னை யூதக் குலத்தலைவர் இல்லத்தில் வளர்ந்தவன் எனக் கிரேக்கத்தில் பொறித்துள்ளான்.

ராவ் யெகூதாவின் கண்டனம்

இசுரயேல் நாட்டில் சிரியாக் மொழி எதற்கு, புனித மொழியோ கிரேக்கமோ பேசலாமே என்று ரபி யெகூதா ஹா-நாசி கூறியதாகத் தல்மூத் குறிக்கிறது. பாபிலோனியாவில் அரமேயம் எதற்கு, புனித மொழியோ பாரசீகமோ பேசலாமே என்கிறார் ராவ் யோசேப். நாடு மாறியதும் வாக்கியத்தில் ஒரே ஒரு மொழிப்பெயர் இடம் மாறியது.

இக்கூற்றுகளினும் வளமான சான்று கித்துஷின் பகுதியில் உள்ளது. ராவ் நாக்மான் பாபிலோனிய யூதரின் தலைவரான ‘ரேஷ் கலூத்தா’ குடும்பத்தோடு உறவு கொண்டவர். ஈரானிய மேட்டுக்குடிப் பழக்கங்களில் தோய்ந்தவர். பும்பெதித்தாவின் ஆசிரியரான ராவ் யெகூதா, ஒரு வழக்கின் பொருட்டு அவர் மனைக்கு அழைக்கப்படுகிறார். அங்கே ராவ் நாக்மான் கைப்பிடிச் சுவருக்கு வழங்கும் சொல், அமரச் சொல்லும் பலகைக்கு இடும் பெயர், உண்ணத் தரும் கிடாரங்காய்க்கும் அருந்தத் தரும் மதுவுக்கும் கூறும் பெயர் ஆகிய யாவும் பகட்டானவை. ஒவ்வொரு முறையும் ராவ் யெகூதா இடைமறிக்கிறார். வேதம் வழங்கும் சொல் இல்லையா, ரபிமார் வழங்கும் சொல் இல்லையா, மக்கள் வழங்கும் சொல் இல்லையா என்பதே அவர் கண்டனம். மேட்டுக்குடி ஒப்பனைக்கு எதிராக மரபுச் சொல்லைக் காக்கும் இந்நிகழ்ச்சியை அயற்பண்பாட்டு எதிர்ப்பாகவே பலரும் எடுத்துக்காட்டுவர்.

ஆனால் ரபிமார் வழங்கும் சொல்லென அவர் முன்வைப்பவை எவை? அமரும் பலகைக்குச் ‘சஃப்சால்’. இது ‘சுப்செல்லியும்’ என்னும் இலத்தீன் சொல். மதுவுக்கு ‘இஸ்பர்கோஸ்’, இது ‘அஸ்பாரகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். பாரசீக நாகரிகத்துக்கு எதிராக ராவ் யெகூதா உயர்த்திப் பிடித்த தூய மரபு, சில தலைமுறைக்கு முன் உரோம ஆட்சிப் பகுதியிலிருந்து மிஷ்னாவோடு வந்த கடன்சொற்களே. தமிழ் இலக்கண மரபின் சொல்லால் கூறுவதாயின், திசைச்சொல்லாக நுழைந்தது இயற்சொல்லின் இருக்கையில் அமர்ந்துவிட்டது. கிரேக்கமும் இலத்தீனும் வழக்கில் இல்லாத பாபிலோனியாவில் அச்சொற்களின் பிறப்பிடம் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆசிரியர் வழி வந்தமையே அவற்றுக்குப் புனிதம் தந்தது. சொற்களை எண்ணிப் பட்டியலிடும் ஆய்வு இவ்விடத்தில் போதாது என்பது வெளிப்படை.

அரசின் சட்டம்

சட்டத்தில் பாபிலோனியச் சூழலின் தாக்கம் நேரடியானது. அரசின் சட்டம் சட்டமே என நெகர்தேயாவின் சாமுவேல் 3ஆம் நூற்றாண்டில் வகுத்த நெறி பாபிலோனியத் தல்மூதுக்கே உரியது. சாசானியர் 224இல் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தனர். அவர்கள் காலம் முழுதும் அமைதியாகக் கழியவில்லை. ஈரானியத் தலைமைக் குருவான கர்த்தீர், தாம் ஒடுக்கிய சமயத்தாருள் யூதரையும் கிறித்தவரையும் பிராமணரையும் கல்வெட்டில் பெயர் குறிப்பிட்டுள்ளார். அத்தகைய சூழலில் அரசோடு இணங்கி வாழும் வழியைச் சாமுவேலின் நெறி அமைத்துத் தந்தது. யூத மரபில் நிலத்தை மூன்றாண்டு மறுப்பின்றி அனுபவித்தல் உரிமைக்குச் சான்று; பாரசீகர் வழக்கில் அதற்கு 40 ஆண்டுகள் வேண்டும் என்பதையும் சாமுவேலின் பெயராலேயே தல்மூத் பதிவு செய்கிறது.

இந்நெறி பழைய மூலத்தைப் படிக்கும் முறையையே மாற்றியது. கொலைஞர், கொள்ளையர், சுங்கம் வாங்குவோர் ஆகியோரிடமிருந்து தப்பப் பொய்ந்நேர்ச்சை செய்யலாம் என மிஷ்னா அனுமதிக்கிறது. உரோமர் கீழ் வாழ்ந்தோர்க்குச் சுங்கம் வாங்குவோனைக் கொள்ளையனோடு சேர்த்தெண்ணுதல் விளக்கம் வேண்டாத உண்மை. பாபிலோனிய உரையோ, அரசின் சட்டம் சட்டமே எனச் சாமுவேல் கூறியிருக்க இஃது எவ்வாறு பொருந்தும் என அதிர்கிறது. வரையறையின்றி வாங்குபவனையோ தானே தன்னை அமர்த்திக்கொண்டவனையோ மூலம் குறித்தது எனப் பொருளை ஒடுக்கி முரணைத் தீர்க்கிறது.

ஒப்புமையின் எல்லை

எல்லா ஒப்புமையும் செல்வாக்கன்று. சாமுவேல் சாண்ட்மெல் 1962இல் விடுத்த எச்சரிக்கை ஈரானியப் பின்புல ஆய்வுக்கு மிகவும் பொருந்தும். ஒப்பீட்டுக்குப் பயன்படும் பகலவி நூல்கள் பலவும் இன்றுள்ள வடிவில் 9ஆம் நூற்றாண்டையொட்டியவை, தல்மூதுக்குப் பிற்பட்டவை. ராவ், ராவ் நாக்மான் இருவரும் வெளியூர் சென்றபோது ‘ஒரு நாளைக்கு என் மனைவியாக யார்?’ எனும் பொருள்பட வினவினர் என்னும் தல்மூதுச் செய்தியை ஈரானியரின் தற்காலிக மணத்தோடு எல்மன் இணைத்தார். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஆயிரம் தீர்ப்புகளின் நூல்’ என்னும் சாசானியச் சட்டத்தொகுப்பு அக்காலத்தை ஒட்டியதாதலின், இத்தகைய சட்ட ஒப்பீட்டுக்குப் பிற நூல்களைவிட உறுதியான அடிப்படை தருகிறது. ஆயினும் இரண்டு ரபிமாரைப் பற்றிய ஒரு குறிப்பு சமூக வழக்கம் ஒன்றை நிறுவப் போதுமானதன்று.

பேய்க்கு மணவிலக்கு

நூற்சான்றின் இக்குறையைத் தொல்பொருள் ஓரளவு ஈடுசெய்கிறது. ஏறத்தாழ 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையான மந்திர மண்கிண்ணங்கள் மெசொப்பொத்தாமியாவில் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. நிப்பூரில் கிடைத்தவற்றை ஜேம்ஸ் மாண்ட்கோமரி 1913இல் பதிப்பித்தார். உட்புறம் சுழல் வரியாக மந்திரம் எழுதி, வீட்டுத் தரையின்கீழ்க் கவிழ்த்துப் புதைக்கப்பட்டவை இவை. யூத அரமேயம், மாண்டேயம், சிரியாக் ஆகிய மொழிகளில் இவை அமைந்துள்ளன. எழுதுவித்தோர் பெயர்களோ பெரும்பாலும் பாரசீகப் பெயர்கள்.

இல்லத்தாரைத் துன்புறுத்தும் லிலித் என்னும் பெண்பேயை இக்கிண்ணங்கள் சில ஓட்டும் முறை வியப்பூட்டுவது. அவளுக்கு ‘கேத்’ என்னும் மணவிலக்குச் சீட்டு எழுதப்படுகிறது. இது ரபிமார் சட்டத்தின் ஆவணம். கடல் கடந்து வந்த மணவிலக்குச் சீட்டைப் பற்றிய விதியோடு மிஷ்னாவின் கித்தின் பகுதி தொடங்குகிறது. கிண்ணங்களிலும் சீட்டு கடலுக்கு அப்பாலிருந்து வந்ததாகவே அறிவிக்கப்படுகிறது. அதை வழங்குபவராக, மிஷ்னாவின் ஆசிரியர் வரிசையில் இடம்பெறும் யோசுவா பார் பெரகியாவின் பெயர் வருகிறது. யூத அரமேயத்தில் மட்டுமன்றிச் சிரியாக் எழுத்திலமைந்த கிண்ணங்களிலும் அப்பெயரும் அவ்வாசகமும் காணப்படுகின்றன. பாரசீகப் பெயர் தாங்கிய குடும்பத்தினர், சிரியாக்கில் எழுதுவோனிடம் சென்று, ரபிமாரின் மணவிலக்குச் சட்டத்தால் தம் வீட்டுப் பேயை விலக்கிக்கொண்டனர்.